அத்தியாயம் 11: பம்ப் லைனைக் கழுவுதல்

தளம் போட்டு முடித்த கையோடு மேஸ்திரி மட்டப்பலகையைக் கையில் எடுத்துவிடுவார். வீட்டுக்காரர் எல்லோருக்கும் டீ சொல்லப் போய்விடுவார். ரெடிமிக்ஸ் லாரி அடுத்த லோடுக்குக் கிளம்பிவிடும். தெருவில் பம்ப் மட்டும் நிற்கும், பைப்புக்குள் கான்கிரீட்டோடு. இனி உள்ள வேலை ஆபரேட்டருக்கும் அவருடைய ஹெல்பர்களுக்கும் உரியது, நமக்கு அதில் ஒன்றுமில்லை என்று மற்ற எல்லோரும் நினைக்கிறார்கள். வீட்டு வேலைகளில் லைன் கழுவுவது அரைகுறையாகவும் ஆபத்தாகவும் நடப்பதற்கு இந்த நினைப்புதான் முதல் காரணம். ஆகவே இந்த அத்தியாயத்தை ஆபரேட்டர் மட்டுமல்ல, பம்புக்கு ஆர்டர் கொடுக்கும் இன்ஜினியரும் வீடு கட்டுபவரும் படிக்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் ஊரில் வீட்டு வேலைக்கு வரும் பம்ப்களில் பெரும்பாலும் 125 மில்லிமீட்டர், அதாவது 5 அங்குலப் பைப்தான் இருக்கும். அதில் ஒரு மீட்டர் நீளத்துக்குள் 12 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கான்கிரீட் நிற்கும். எடை 29 கிலோவுக்கு மேல். தெருமுனையில் பம்பை நிறுத்தி, சந்துக்குள் லைன் இழுத்து, முதல் மாடித் தளத்துக்கு ஏற்றினால் 40 மீட்டர் சாதாரணமாக வந்துவிடும். அப்படியானால் கடைசி லாரி போன பிறகும் லைனுக்குள் ஏறக்குறைய 490 லிட்டர் இருக்கிறது. ஏறக்குறைய 1.2 டன். லாரி கான்கிரீட்டைக் கொட்டும் ஹாப்பரில் மிச்சம் இருப்பது தனி. அரை கன மீட்டருக்கும் மேற்பட்ட இந்தக் கான்கிரீட் எங்கே போகப்போகிறது என்ற கேள்விக்கு, முதல் லாரி வருவதற்கு முன்பே பதில் இருக்க வேண்டும். ஊற்றி முடித்த பிறகு யோசித்தால் அதற்கு ஒரே பதில்தான் கிடைக்கும்: பக்கத்து வடிகால்.

காலையிலேயே பேசி வைக்க வேண்டியவை

தண்ணீர்தான் முதல் பேச்சு. லைன், ஹாப்பர், சிலிண்டர், கிளாம்ப், கைகால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆயிரம் லிட்டராவது தனியாக எடுத்து வைக்க வேண்டும். ‘போர் இருக்கிறதே’ என்று வீட்டுக்காரர் சொல்வார். போர் மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும். சாயங்காலம் அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் பைப்பில் கான்கிரீட் காத்துக்கொண்டிருக்காது. ஒரு ஆயிரம் லிட்டர் டேங்கில் காலையிலேயே நிரப்பி, மற்ற வேலைக்கு அதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். சித்தாள்கள் அதிலிருந்துதான் சட்டி கழுவுவார்கள். அதற்கு வேறு டிரம் வையுங்கள்.

அடுத்தது இடம். ஹாப்பர் கதவு திறக்கும் இடத்துக்கு நேர் கீழே கனமான தார்ப்பாய் விரித்து, நான்கு பக்கமும் எம்சாண்ட் மூட்டையோ செங்கல்லோ வைத்துக் கரை கட்டினால் போதும். மனைக்குள் இடம் இருந்தால் ஆழமில்லாத பள்ளம் தோண்டி அதில் தார்ப்பாய் போடலாம். தெருவில்தான் பம்ப் நிற்கிறது, வேறு வழியில்லை என்றால் கழுவல் தண்ணீர் ஓடும் சரிவைக் காலையிலேயே பார்த்து அந்தப் பக்கம் மண் கரை போட்டு வையுங்கள்.

மிஞ்சும் கான்கிரீட்டை வீணாக்காமல் இருக்க வழி உண்டு. கான்கிரீட்டின் வயது இன்னும் அதன் நேரத்துக்குள் இருந்தால், வீட்டைச் சுற்றிய தளப்பட்டை, செடித்தொட்டித் திண்டு, கேட் முன் சரிவு போன்ற பாரம் தாங்காத வேலைகளுக்குச் சட்டம் அடித்துத் தயாராக வைத்திருந்தால் அத்தனையும் அதில் போய்விடும். தூணுக்கோ பீமுக்கோ இந்த மிச்சத்தைப் போடக் கூடாது. லைனிலிருந்து திரும்பி வரும் கான்கிரீட்டில் தண்ணீர் கலந்திருக்கலாம். எவ்வளவு கலந்தது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. காலையில் லைனை வழவழப்பாக்க முதலில் விடும் சிமென்ட் பாலுக்கும் இதே விதிதான். அது பீமுக்குள் போகக் கூடாது. ஒரு சட்டியிலோ டிரம்மிலோ பிடித்து வெளியே எடுத்துவிட வேண்டும்.

கடைசி லாரிக்கு அளவு சொல்லும்போது லைனைக் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு. ஆயிரம் சதுர அடித் தளம், 5 அங்குலக் கனம் என்றால் தளத்துக்கு மட்டும் 11.8 கன மீட்டர். பீமையும் சேர்த்தால் 14, 15 வரை போகும். தளத்துக்குச் சரியாக அளந்து ஆர்டர் போட்டுவிட்டு, லைனுக்குள் நிற்கும் அரை கன மீட்டரை மறந்தால், மூலையில் நாற்பது சதுர அடி காலியாக நிற்கும்போது லாரி காலியாகிவிடும். அப்போதுதான் ‘லைன்ல இருக்கிறதை ஊதித் தள்ளுங்கண்ணே’ என்று மேலேயிருந்து குரல் வரும். ஆபத்தான வேலைகளில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில் தொடங்குகிறது. அரை கன மீட்டர் கூட வாங்குவதற்கு ஆகும் பணம், அந்தக் குரல் எழாமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பந்தைப் பின்னோக்கி உறிஞ்சும் முறை

வீட்டு வேலைக்கு நான் பரிந்துரைப்பது இந்த ஒரு முறையைத்தான். லைனின் மறுமுனையில் நனைத்த ஸ்பான்ஜ் பந்தை வைத்து, பம்பை ரிவர்ஸில் ஓட்டி, கான்கிரீட்டையும் பந்தையும் ஹாப்பர் பக்கமே திரும்ப இழுப்பது. இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போலத்தான். ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் இளநீர் வராது என்பதும் இங்கே அப்படியே பொருந்தும்.

கடைசிக் கான்கிரீட் போய்க்கொண்டிருக்கும்போது ஹாப்பரில் அளவைக் கவனியுங்கள். கலக்கும் தண்டுக்குக் கீழே இறங்க விடக் கூடாது. இறங்கினால் சிலிண்டர் காற்றையும் சேர்த்து இழுக்கும். அந்தக் காற்று லைனுக்குள் அமுங்கி, மறுமுனையில் கான்கிரீட்டோடு வெடித்து வெளியே வரும்போது ரப்பர் ஹோஸ் பாம்பாகத் துள்ளும். ஹோஸைப் பிடித்திருப்பவர் தளத்தின் ஓரத்தில் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அளவு இறங்கியதும் நிறுத்தம். மேலே இருப்பவருக்குக் கையால் சைகை காட்டினால் போதாது. வாயால் சொல்லி, பதிலை வாங்குங்கள்.

நிறுத்தியதும் எந்தக் கிளாம்பையும் தொடாமல் முதலில் இரண்டு மூன்று ஸ்ட்ரோக் ரிவர்ஸ் கொடுங்கள். லைனில் தங்கிய அழுத்தம் அதில்தான் இறங்கும். பிறகு மேலே உள்ளவர் ரப்பர் ஹோஸைக் கழற்றி, அதிலிருப்பதைத் தளத்திலேயே கொட்டிவிடலாம். அது இன்னும் நல்ல கான்கிரீட். ஹோஸைத் தனியாகக் கீழே இறக்கிக் கழுவிக்கொள்ளலாம்.

இப்போது பந்து. 125 மில்லிமீட்டர் பைப்புக்கு அதைவிடப் பெரிய பந்துதான் போட வேண்டும். அமுக்கித் திணித்தால்தான் உள்ளே போகும் என்கிற அளவு சரி. காய்ந்த பந்து வேண்டாம். வாளியில் ஊறவைத்து, லேசாகப் பிழிந்து, இரும்புப் பைப்பின் வாயில் கையளவு ஆழத்துக்குத் தள்ளுங்கள். ஓரம் பிய்ந்த பந்தைத் தூக்கிப் போடுங்கள். பந்தின் முதுகில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் பின்னால் வரும் பைப்புச் சுவரும் நனைந்து கழுவப்படும். தளத்தில் அந்தத் தண்ணீர் சிந்தாமல் இருக்கப் பைப்பின் வாய் சற்று மேல்நோக்கி இருக்க வேண்டும்.

‘வெச்சாச்சுண்ணே’ என்று மேலேயிருந்து சொன்ன பிறகே ரிவர்ஸ். வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள். ஒரு ஹெல்பர் சிறு சுத்தியலோடு லைனை ஒட்டி நடக்க வேண்டும். இது மிக எளிய வித்தை, ஆனால் இதைவிட நம்பகமான கருவி வேறு கிடையாது. கான்கிரீட் நிறைந்த பைப்பைத் தட்டினால் மண்ணைத் தட்டியது போல மொத்தென்று சத்தம் வரும், கை அதிராது. காலியான பைப்பைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும், விரலில் அதிர்வு ஏறும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பந்து இருக்கிறது. பெண்டுக்குள் பந்து நுழையும்போது கொஞ்சம் தயங்கும். ஒலி மாறும் இடம் சில ஸ்ட்ரோக்குகளுக்கு அங்கேயே நிற்கும். பதற வேண்டாம். தட்டுவது தகவலுக்காக மட்டும்; பலமாக அடித்தால் பைப்பில் பள்ளம் விழும், அடுத்த வேலையில் ஜல்லி முதலில் மாட்டும் இடம் அந்தப் பள்ளம்தான்.

இங்கே ஹாப்பரைப் பற்றி ஒரு முக்கியமான கணக்கு உண்டு. பல பம்ப்களில் ஹாப்பர் 300 முதல் 600 லிட்டர் வரைதான் கொள்ளும். அடியில் ஏற்கெனவே கான்கிரீட் இருக்கிறது. 40 மீட்டர் லைனிலிருந்து இன்னும் 490 லிட்டர் வருகிறது. ஒரே மூச்சில் இழுத்தால் ஹாப்பர் வழிந்து தெருவில் கொட்டும். பாதி வந்ததும் பம்பையும் கலக்கும் தண்டையும் நிறுத்தி, அடிக்கதவைத் திறந்து தார்ப்பாயில் இறக்குங்கள். சட்டி வைத்திருப்பவர்கள் அங்கிருந்து அள்ளித் தயாராக வைத்த சட்டங்களுக்குக் கொண்டுபோகலாம். கதவை மூடிவிட்டு மறுபடி ரிவர்ஸ்.

சுத்தியல் ஒலி பம்பை ஒட்டிய ரிடியூசருக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். பந்தை அதற்கும் உள்ளே விட்டால் வால்வுக்குள்ளோ சிலிண்டருக்குள்ளோ போய் மாட்டிக்கொள்ளும். அதை எடுப்பது அரை நாள் வேலை. பம்ப் நின்று, அழுத்தம் இறங்கியதை உறுதி செய்து, பம்பை ஒட்டிய கிளாம்பைத் திறந்து பந்தைக் கையால் எடுங்கள். பந்து எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அல்லது கிழிந்திருந்தால் லைனில் எங்கோ உள்ளே கான்கிரீட் ஒட்டி இறுகியிருக்கிறது. சுத்தமான பந்தோடு இன்னொரு முறை இழுப்பது நல்லது.

பந்து பாதியில் நின்றுவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளாம்பின் ரப்பர் சீலை. கான்கிரீட் முன்னோக்கிப் போகும்போது கசிந்தால் சிமென்ட் பால் வெளியே வடிந்து கண்ணுக்குத் தெரியும். பின்னோக்கி இழுக்கும்போது கசிவு உள்பக்கம்; காற்று உள்ளே போவதை யாரும் பார்க்க முடியாது. காலையில் ஊற்றும்போது எந்த இணைப்பில் பால் வடிந்ததோ, சாயங்காலம் அங்கேதான் காற்று நுழையும். வடிந்த இணைப்புக்குக் காலையிலேயே ஒரு துணி கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. உறிஞ்சல் என்பது வெளிக்காற்றின் அழுத்தம் தள்ளுவதுதான். அதற்கு மேல் ஒரு விசையும் கிடையாது. கான்கிரீட் தண்ணீரைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமானது. கணக்குப்படி பார்த்தால் கூட நான்கு மீட்டர் உயரத்துக்கு மேல் உறிஞ்சித் தூக்க முடியாது. நடைமுறையில் அதில் பாதியும் கிடைக்காது. மாடிக்கு ஏற்றிய லைனில் கான்கிரீட் தன் எடையாலேயே கீழே இறங்குவதால் வேலை சுலபம். தெருவில் பம்பை நிறுத்திக் கீழே பேஸ்மென்ட் கார் பார்க்கிங்குக்கு இறக்கிய லைனில் இது வேலைக்கு ஆகாது. அங்கே பைப்பைக் கழற்றிக் கொட்டுவதுதான் வழி.

நேர்க்குத்தாக ஏறும் லைனில் ஒரு எச்சரிக்கை. பத்து மீட்டர் உயரத்துக்கு நிற்கும் கான்கிரீட் 290 கிலோவுக்கு மேல். பம்ப் நின்றுவிட்டது, மீட்டரில் முள் பூஜ்யம் காட்டுகிறது என்பதற்காக அடிப்பெண்டின் கிளாம்பைத் தட்டித் திறந்தால் அந்த எடை முழுவதும் திறப்பவரின் காலடியில் வந்து விழும். மேலே உள்ளதை ரிவர்ஸில் இறக்கி, சுத்தியலால் தட்டிக் காலி என்று உறுதி செய்த பிறகே அடிக்கிளாம்ப்.

கம்ப்ரசர் வேண்டாம்

லைன் கழுவும்போது நடக்கும் கொடிய விபத்துகளுக்கு முக்கியமான காரணம் காற்றழுத்தம். உயரமான கட்டடங்களிலும் பாலங்களிலும் தேர்ந்த குழுக்கள் கம்ப்ரசர் வைத்து ஊதிக் கழுவுகிறார்கள் என்பது உண்மை. அவர்களிடம் அதற்கான தலைப்பகுதி இருக்கிறது, அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு இருக்கிறது, பந்தைப் பிடிக்கும் கூண்டு இருக்கிறது, எதிரே ஆளே இல்லாத இடம் இருக்கிறது. பத்தடிச் சந்துக்குள் இருக்கும் வீட்டில் இந்த நான்கில் ஒன்றுகூட ஒழுங்காக அமையாது.

விசையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 7 பார் அழுத்தம் சாதாரணக் கம்ப்ரசரே கொடுக்கும். 125 மில்லிமீட்டர் பைப்பின் வாய்க்கு அது 870 கிலோவுக்கும் மேற்பட்ட தள்ளு விசை. தண்ணீராக இருந்தால், கான்கிரீட் வெளியே வந்த மறுகணம் அழுத்தம் விழுந்துவிடும், தண்ணீர் அமுங்காது. காற்று அமுங்கும். அமுங்கிய காற்றில் சேர்ந்த சக்தி முழுவதும் விரிய இடம் தேடிக் காத்திருக்கும். தொடக்கத்தில் 40 மீட்டர்க் கான்கிரீட் பைப்புச் சுவரில் உராய்ந்து தடுக்கிறது, பந்து மெல்ல நகர்கிறது. கான்கிரீட் வெளியேற வெளியேறத் தடை குறைகிறது, ஆனால் பின்னால் உள்ள காற்று அப்படியே தள்ளுகிறது. கடைசி இரண்டு மூன்று மீட்டரில் தடுக்க ஒன்றுமே இல்லை. அப்போது ஜல்லியும் பந்தும் துப்பாக்கியிலிருந்து வருவது போல வரும். முனையில் ரப்பர் ஹோஸ் மாட்டியிருந்தால் அது சாட்டையாகச் சுழன்று அருகில் நிற்பவரை அடித்துத் தள்ளும். எதிர் வீட்டு மாடியில் நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தைக்கு இதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

அதைவிட மோசமான நிலை, பந்து நடுவழியில் நிற்பது. அடைப்பு என்று நினைத்து ஹெல்பர் ஒரு கிளாம்பைத் திறக்கப் போவார். பின்னால் முழு அழுத்தம் நிற்கிறது. காற்று நுழைந்த லைனில், வால்வைத் திறந்து காற்று முழுவதும் வெளியேறும் வரை, எந்தக் கிளாம்பையும் எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. அந்த வால்வே இல்லாமல் கம்ப்ரசர் ஹோஸைக் கம்பி சுற்றிக் கட்டி ஊதுவதை நீங்கள் எங்கே பார்த்தாலும் வேலையை நிறுத்துங்கள். நீங்கள் ஹெல்பராக இருந்தால் தள்ளி நின்று ‘இதை நான் பிடிக்க மாட்டேன்ணே’ என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்ன ஒரு பையனை வேலையை விட்டு அனுப்பும் முதலாளியிடம் வேலை செய்யாமல் இருப்பது அந்தப் பையனுக்கு நல்லது.

தண்ணீரால் முன்னோக்கித் தள்ளும் முறையையும் சிலர் கேட்கிறார்கள். காற்றைவிடப் பலமடங்கு பாதுகாப்பானது. ஆனால் பந்து சரியாக அடைக்காவிட்டால் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் கலக்கும். கடைசியில் அத்தனை தண்ணீரும் புதிதாகப் போட்ட தளத்தின் மேல் வந்து சிமென்ட் பாலைக் கழுவிக்கொண்டு சென்ட்ரிங் ஷீட் இடுக்கு வழியாக இறங்கும். லைனின் முனையைத் தளத்துக்கு வெளியே திருப்பிக் கொட்ட வழி இருந்தால் மட்டும் செய்யலாம்.

கழற்றிக் கழுவும்போது

சிறு லைனாக இருந்தால், அல்லது பந்து வர மறுத்தால், பைப்பைக் கழற்றிக் கொட்டுவதில் எந்த அவமானமும் இல்லை. மூன்று மீட்டர்ப் பைப்புக்குள் 88 கிலோ கான்கிரீட் இருக்கும், பைப்பின் எடை தனி. இருவர் தூக்கினால் முதுகு போகும். இருக்கும் இடத்திலேயே ஒரு முனையைச் செங்கல்லின் மேல் ஏற்றி, மறுமுனையைச் சட்டிக்கு மேல் சாய்த்து, நீளக் கழியால் குத்தி இறக்கிய பிறகுதான் தூக்க வேண்டும். நேரம் குறைவாக இருந்தால் பெண்டுகளை முதலில் காலி செய்யுங்கள். நேர்ப் பைப்பைக் கழி விட்டுக் குத்தலாம், பெண்டுக்குள் கழி திரும்பாது.

பைப்பின் உள்ளே பளபளவென்று இருந்தால் மட்டும் போதாது. கிளாம்ப் உட்காரும் விளிம்பையும் சீலின் பள்ளத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே நகக்கண் அளவுக்கு இறுகிய சிமென்ட் இருந்தாலும் அடுத்த முறை கிளாம்ப் முழுதாகப் பூட்டாது. பூட்டியது போலத் தோன்றும். கம்பி பிரஷ், ஒரு குவளைத் தண்ணீர், இணைப்புக்கு இரண்டு நிமிடம். ரப்பர் சீல்களைக் கழற்றி ஒரு வாளியில் போட்டு ஊறவையுங்கள். கிளாம்புகளில் ஷட்டரிங் ஆயில் தொட்டு வையுங்கள்.

ஹாப்பருக்குள் கை விடும் முன்

வீட்டு வேலை பம்ப்களில் ஹாப்பர் கழுவுவது பெரும்பாலும் குழுவிலேயே இளையவருக்கு வந்து சேரும். அவர் ஹாப்பர் மேல் உள்ள கம்பி ஜாலியைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு வால்வைச் சுரண்டுவார். இன்ஜின் ஆஃப்தான். ஆனால் பல பம்ப்களில் வால்வைத் திருப்ப அக்குமுலேட்டர் இருக்கிறது. இன்ஜின் நின்ற பிறகும் அதில் ஆயில் அழுத்தம் சேர்ந்திருக்கும். யாராவது ஒரு லீவரைத் தட்டினால் வால்வு கண்ணிமைக்கும் நேரத்தில் மறுபக்கம் அடிக்கும், இடையில் விரல் இருந்தாலும் கை இருந்தாலும் அதற்குத் தெரியாது. ஆகவே இன்ஜினை நிறுத்தி, அக்குமுலேட்டர் அழுத்தத்தை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்து, சாவியைக் கழற்றி, கையை உள்ளே விடுபவரின் பாக்கெட்டில் போடுங்கள். சாவி அவரிடம்தான் இருக்க வேண்டும், ஆபரேட்டரிடம்கூட அல்ல. கை, கால் விடாமல் நீளக் கைப்பிடிச் சுரண்டியும் தண்ணீர் ஹோஸும் வைத்து முடிந்த வரை முடிப்பது இன்னும் நல்லது.

கடைசியில் சிலிண்டருக்குப் பின்னால் உள்ள தண்ணீர்ப் பெட்டியைத் திறந்து வடியுங்கள். தண்ணீர் லேசாகக் கலங்கியிருப்பது சகஜம். அடியில் மணலும் சிமென்ட் கூழும் தேங்கியிருந்தால் பிஸ்டன் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று பொருள். அடுத்த தளத்துக்கு முன் மாற்றிவிட வேண்டும்.

நேரம் கை மீறும்போது

ரெடிமிக்ஸ் கலந்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்று இந்தியத் தர விதி ஐஎஸ் 4926 சொல்கிறது. சித்திரை வெயிலில் சூடான இரும்புப் பைப்புக்குள் கிடக்கும் கான்கிரீட்டுக்கு அந்த அவகாசம்கூட இருக்காது. லைனின் மேல் நனைத்த சாக்குப் போட்டு வையுங்கள். அடுத்த லாரி தாமதமானால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் ஓரிரு ஸ்ட்ரோக் அசையுங்கள். லாரி டிராபிக்கில் மாட்டிக்கொண்டது, எப்போது வரும் என்று தெரியவில்லை என்றால் காத்திருக்காமல் லைனைக் காலி செய்துவிடுவதே சரி.

பழைய ஆபரேட்டர்கள் வண்டியில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் வைத்திருப்பார்கள். பம்ப் பழுதாகி, கான்கிரீட் ஹாப்பரில் இறுகத் தொடங்கும்போது சர்க்கரையைக் கரைத்து ஊற்றினால் சிமென்ட் இறுகுவது தள்ளிப்போகும். உண்மையான வைத்தியம்தான். ஆனால் சர்க்கரை பட்ட கான்கிரீட்டில் ஒரு சட்டிகூடத் தளத்துக்குப் போகக் கூடாது; அது பிறகு பிடிமானமே இல்லாமல் போகலாம். முழுவதும் இறுகிவிட்ட பைப்பை உளி வைத்து உடைத்து மீட்க முயல்வது வீண். பைப் போய்விட்டது என்று எழுதிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது

சிமென்ட் கலந்த கழுவல் தண்ணீரின் காரத்தன்மை பிஎச் அளவில் 12க்கு மேல். சோப்புத் தண்ணீரைவிட மிகக் கடுமையானது. கம்பூட்ஸுக்குள் இறங்கிய கூழ் உடனே எரியாது. ஓரிரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தோல் வெந்திருக்கும். கை, காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது நம் ஊர் வழக்கம், ஆனால் அது கையுறைக்கு ஈடாகாது. கண்ணில் பட்டால் கசக்காமல், சுத்தமான தண்ணீரை இமையைத் திறந்து பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் விட்டுக்கொண்டே இருந்து, நேராக ஆஸ்பத்திரி. அதற்கென்று ஒரு குடம் நல்ல தண்ணீரைக் காலையிலேயே மூடி வையுங்கள்.

மழைநீர் வடிகாலில் கொட்டினால் கூழ் கண்ணில் இருந்து மறையும், அவ்வளவுதான். அடியில் போய்ப் படிந்து அங்கேயே கல்லாகும். ஐப்பசியில் மழை அடித்து, தெருவில் தண்ணீர் நிற்கும்போது அந்தத் தெருவாசிகள் கார்ப்பரேஷனைத் திட்டுவார்கள். இன்னொரு தவறு வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. 2003 முதல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். புதிய மனையில் அதற்கான குழி தயாராகத் திறந்து கிடக்கும், கழுவல் கூழை அதில் சாய்ப்பது எல்லோருக்கும் வசதி. சாய்த்த அன்றே அந்தக் குழியின் ஜல்லி இடுக்குகள் அடைந்துவிடும். மண்ணுக்குள் ஒரு சொட்டும் இறங்காத குழியை வீட்டுக்காரர் பல வருடம் நம்பிக்கொண்டிருப்பார். கிணறு, போர், தென்னை அடி எதன் பக்கமும் இந்தத் தண்ணீர் போகக் கூடாது.

தார்ப்பாய்ப் பள்ளத்தில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரைச் சட்டி, மண்வெட்டி கழுவப் பயன்படுத்தலாம். அடியில் இறுகியதை மறுநாள் உடைத்துத் தரை நிரப்பலுக்குப் போடலாம்.

பம்ப் வாடகை பேசும்போது மீட்டருக்கு எவ்வளவு, நாளுக்கு எவ்வளவு என்று கேட்டு முடித்துவிடுகிறோம். கழுவத் தண்ணீர் யார் தருவது, எங்கே கழுவுவது, மிச்சக் கான்கிரீட்டை யார் அள்ளுவது, அந்த ஒரு மணி நேரத்துக்கு ஹெல்பர்களுக்குத் தனிக் கூலி உண்டா என்ற நான்கையும் அதே பேச்சில் முடித்து, ஆர்டர் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த நான்கு வரி எழுதப்படாத வேலைக்கு, ஆபரேட்டர்களே, லைன் இறக்காதீர்கள்.